மட்டையைத் தட்டும் கொட்டாப்புளி

புதிய கிரிக்கெட் மட்டை கைக்கு வந்ததும், அன்றே மைதானத்துக்கு ஓடத்தான் கால் துறுதுறுக்கும். நாங்களும் அப்படித்தான் ஓடினோம். நான் இளங்கலை படித்த நாள்களில் விடுதி மாணவர் ஒன்பது பேர் சேர்ந்து, மூன்று மாதச் சிற்றுண்டிச் செலவை மிச்சம் பிடித்து, இங்கிலீஷ் வில்லோ மட்டை ஒன்று வாங்கினோம். தட்டிப் பதமாக்கிய பின்பே ஆடவேண்டும் என்று அதன் உறையில் அச்சிட்டிருந்தது. எங்களுள் ஒருவர் பணிமனையிலிருந்து இரும்புச் சுத்தியலைக் கொண்டு வந்தார். அதன் தலையில் கைக்குட்டையைச் சுற்றி அரை மணி நேரம் ஓங்கி ஓங்கி அடித்தோம். மறுநாள் இரண்டாவது ஓவரில் பந்து மட்டையின் விளிம்பில் பட்டது. 'சடக்' என்றொரு ஓசை. விரல் நீளத்துக்குச் சிராய் பெயர்ந்து நின்றது.

கடைக்காரரைத் திட்டினோம். தவறு அவருடையது அன்று. விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய ஒன்பது பேருக்கும், அந்தச் சூத்திரம் மட்டைக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை!

அந்த வழக்கை இப்போது உங்களோடு சேர்ந்து மீண்டும் விசாரிக்கலாம் என்றிருக்கிறேன். புது மட்டையை ஏன் தட்டவேண்டும்? தட்டுகிற கொட்டாப்புளி எப்படி இருக்கவேண்டும்? இவற்றுக்கு விடை காண உயர்நிலைப் பள்ளி இயற்பியலே போதும். ஒரு சமையலறைத் தராசு, ஒரு நிறுத்து கடிகாரம், ஒரு தபால் அட்டை ஆகியவற்றைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லோவின் உள்ளே

மட்டையின் அலகு மரத்தால் ஆனதாக இருக்கவேண்டும் என்பது விதி. அப்படி ஒரு விதி தேவைப்பட்டதே ஒரு வேடிக்கைக் கதை. 1979 டிசம்பரில் பெர்த் நகரில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையுடன் ஆட வந்தார். பந்தின் வடிவம் கெடுகிறது என்று இங்கிலாந்து அணித் தலைவர் மைக் பிரியர்லி முறையிட்டார். நடுவர்கள் மட்டையை மாற்றச் சொல்ல, லில்லி அதை வீசி எறிந்தார். 1980இல் வெளியான விதித் தொகுப்பில் அலகு மரமாகவே இருக்கவேண்டும் என்ற வாசகம் சேர்ந்துவிட்டது.

எத்தனையோ மரங்கள் இருக்க, வில்லோவையே தேர்ந்தெடுத்தது ஏன்? இங்கிலாந்தின் ஈர நிலங்களில் வளரும் வெள்ளை வில்லோவின் ஒரு வகை இது. தாவரவியலார் இதனைச் 'சாலிக்ஸ் ஆல்பா' என்னும் இனத்தில் சேர்ப்பர். காஷ்மீரிலும் வில்லோ வளர்கிறது. அனந்தநாக் மாவட்டத்தில் சங்கம், பிஜ்பிஹாரா ஆகிய ஊர்களைச் சுற்றி மட்டைப் பட்டறைகள் இருக்கின்றன. பொதுவாக இங்கிலாந்து மரம் எடை குறைந்தது. காஷ்மீர் மரம் சற்றுக் கனமானது.

எந்த மரத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் செல் சுவர்களின் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றே: கன செ.மீ.க்கு 1.5 கிராம். தேக்குக்கும் அதுதான், முருங்கைக்கும் அதுதான். உலர்த்திப் பக்குவம் செய்த வில்லோக் கட்டையின் அடர்த்தியோ சுமார் 0.4 கிராம். 0.4ஐ 1.5ஆல் வகுத்துப் பாருங்கள், 0.27 வரும். அப்படியானால், வில்லோக் கட்டை என்று நாம் கையில் பிடிப்பதில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மரம், மிச்சமெல்லாம் காற்று! நீளவாட்டில் அடுக்கிய நுண்ணிய குழாய்களின் கட்டு அது. குழாய்களின் சுவர் மெல்லியது, உட்புறம் வெற்றிடம்.

எடை குறைவு, அடியைத் தாங்கும் நெகிழ்ச்சி ஆகிய இரண்டும் இந்தக் காற்றறைகளால்தான் கிடைக்கின்றன. மட்டையின் வலிமைக் குறைவும் இவற்றால்தான். கடினமான பந்து வந்து மோதும்போது, மோதும் இடத்தில் குழாய்கள் நசுங்கிப் பள்ளம் விழுகிறது. பள்ளத்தைச் சுற்றியிருக்கும் நார்கள் உள்நோக்கி இழுபடுகின்றன. நாரின் நீளவாட்டில் மரம் வலுவானது. நாருக்கு நார் உள்ள பிணைப்போ வலுக் குறைந்தது. விறகைப் பிளப்பவர் கோடரியை எந்த வாக்கில் இறக்குகிறார் என்று பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே வாக்கில்தான் மட்டையும் பிளக்கிறது. விளிம்பில் பந்து பட்டால் பள்ளத்தின் ஒரு பக்கம் தாங்குவதற்கு மரமே இல்லை. அதனால்தான் முதல் விரிசல் பெரும்பாலும் விளிம்பிலோ, அடிநுனியிலோ தோன்றுகிறது.

மேற்பரப்பில் உள்ள குழாய்களை முன்கூட்டியே, மெதுவாக, சீராக நசுக்கிவிட்டால்? மேலே சில மில்லிமீட்டர் கனத்துக்கு அடர்த்தியான தோல் ஒன்று உண்டாகும். பந்தின் விசையை அது அகலப் பரப்பில் பகிர்ந்து உள்ளே அனுப்பும். உள்ளே இருக்கும் காற்றறைகள் கெடாமல் வில் போல மீளும். பட்டறையில் அலகை உருளைகளுக்கிடையே செலுத்தி அழுத்துவது இதற்காகத்தான். ஆனால் அளவுக்கு மேல் அழுத்தினால் மட்டை உயிரற்றுப் போகும். ஆகவே பட்டறைக்காரர் ஓரளவோடு நிறுத்திக்கொள்கிறார். உருளை நேராக அழுத்துவது முகப்பைத்தான். உருண்ட விளிம்புகளை அது சரியாக எட்டுவதில்லை. எஞ்சிய வேலை வாங்கியவருடையது. ஆட்டக்காரர்கள் இதனை 'நாக்கிங்' என்பர். நாம் தட்டிப் பதமாக்குதல் என்போம்.

வேறு ஒரு பொருளிலும் இது மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தர்ஷில் ஷாவும் பென் டிங்க்லர்-டேவிஸும் மூங்கில் பட்டைகளை ஒட்டி ஒரு மட்டை செய்தார்கள். 5 மணி நேரம் தட்டிய பிறகு அதன் மேற்பரப்பு, அழுத்திய வில்லோவைக் காட்டிலும் இரு மடங்கு கடினமாக இருந்ததாகத் தெரிவித்தார்கள். மூங்கில் தாவரவியல்படி புல் ஆயிற்றே, மரம் அன்றே என்று விதி குறுக்கே நின்றது தனிக்கதை.

சிறு கட்டை, பெரிய அழுத்தம்

இனி, சுவையான கணக்கு ஒன்றைப் போடுவோம். விதிப்படி கிரிக்கெட் பந்தின் நிறை 155.9 முதல் 163 கிராம் வரை. 160 கிராம் என்று கொள்வோம். அது விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டரில் வந்தால், அதன் இயக்க ஆற்றல் 72 ஜூல். 300 கிராம் உள்ள கொட்டாப்புளி ஒன்றை 30 செ.மீ. உயரத்திலிருந்து தானாக விழவிட்டால் கிடைக்கும் ஆற்றல் 0.3 × 9.8 × 0.3 = 0.88 ஜூல். பந்தின் ஆற்றலில் எண்பதில் ஒரு பங்கு! இந்தச் சிறு தட்டலா மரத்தை நசுக்கிவிடும் என்று நீங்கள் கேட்கலாம்.

ஆற்றலைப் பார்த்து ஏமாற வேண்டா. அழுத்தத்தைப் பாருங்கள். 30 செ.மீ. விழுந்த கொட்டாப்புளியின் வேகம் விநாடிக்கு 2.4 மீட்டர், அதன் உந்தம் 0.72 கி.கி. மீட்டர்/விநாடி. மரத்தோடு மரம் மோதும்போது தொடுநேரம் மிகக் குறைவு. அதனை விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், சராசரி விசை 0.72 ÷ 0.0005 = 1,440 நியூட்டன். பந்து தோலும் தக்கையும் நூலுமாக இருப்பதால் சற்று நேரம் நசுங்கி நிற்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி எனக் கொண்டால், விசை 0.16 × 30 ÷ 0.001 = 4,800 நியூட்டன். (இரண்டு கணக்கிலும் திரும்பத் துள்ளுவதைச் சேர்க்கவில்லை.) விசையில் பந்துதான் பெரியது. ஆனால் நசுங்கிய பந்து மட்டையில் 3 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் படிகிறது என்று கொண்டால், பரப்பு 7 சதுர செ.மீ.; அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 690 நியூட்டன். கொட்டாப்புளியின் முகம் படியும் பரப்போ ஒரு சதுர செ.மீ.யைச் சற்றுத் தாண்டும் (எப்படி என்பதைப் பின்னால் காண்போம்). எனவே அதன் அழுத்தம் சதுர செ.மீ.க்குச் சுமார் 1,300 நியூட்டன். பந்தைப் போல் இரு மடங்கு வந்துவிட்டது!

தொடுநேரங்களும் பரப்புகளும் நாம் கொண்ட மதிப்புகளே என்றாலும் முடிவு மாறாது. சிறிய ஆற்றலால் பெரிய அழுத்தம், ஆனால் மிகச் சிறிய ஆழம் வரை மட்டும்: இதுதான் கொட்டாப்புளியின் தனித்திறன். மேல்தோலை இறுக்கவும் உள்ளே இருப்பதைக் கெடுக்காமல் விடவும் இதைவிட நல்ல கருவி ஏது? 30 செ.மீ. என்பதே பலத்த அடி என்பதும் இப்போது விளங்கியிருக்கும். முதல் நாள் 10 செ.மீ. உயரம் போதும். நாங்கள் அரைக் கிலோ சுத்தியலை விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் இறக்கியிருப்போம். ஓர் அடிக்கு 16 ஜூல். அதுவும் இரும்பின் தட்டை முகத்தின் கூரிய ஓரம் சாய்ந்து விழுந்தால், அழுத்தத்தை நினைத்தே பார்க்க முடியாது. கைக்குட்டை என்ன செய்யும், பாவம்!

முகத்தின் வளைவு

கொட்டாப்புளி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது எடையை அன்று, முகத்தின் வளைவையே.

தச்சர் உளியைத் தட்ட வைத்திருக்கும் கொட்டாப்புளியின் முகம் தட்டையாக இருக்கும். உளியின் தலைக்கு அது சரி. மட்டைக்கு அது ஆகாது. நேராக விழுந்தால் பெரிய பரப்பில் படிந்து ஒன்றும் செய்யாது. சற்றுச் சாய்ந்தால் ஓரம் பிறைநிலா வடிவில் வெட்டிவிடும். ஆகவே முகம் கோளத்தின் ஒரு பகுதிபோல் வளைந்திருக்க வேண்டும். எவ்வளவு வளைவு? அந்தத் தோல் நாளை எதைத் தாங்கப் போகிறதோ அதன் வளைவைக் கொள்வதே நியாயம். பந்தின் சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. வரை இருக்கலாம் என்பது விதி. இதனை 2 × 3.14ஆல் வகுத்தால் ஆரம் ஏறத்தாழ 3.6 செ.மீ.

வளைவு மாறினால் என்ன ஆகும் என்பதை வடிவியலால் காணலாம். கோளம் ஒன்று மரத்தில் சிறிது பதிந்தால் வட்டமான பள்ளம் விழும். வட்டத்தில் இரு நாண்கள் வெட்டிக்கொள்ளும் தேற்றத்தை நினைவுகூருங்கள். பள்ளத்தின் அரைவிட்டத்தின் வர்க்கம், பள்ளத்தின் ஆழத்தையும் கோளத்தின் விட்டத்தையும் பெருக்கி வருவதற்கு ஏறத்தாழச் சமம். 3.6 செ.மீ. ஆரமுள்ள முகம் அரை மில்லிமீட்டர் பதிந்தால், 0.05 × 7.2 = 0.36, இதைப் 'பை'யால் பெருக்கினால் பரப்பு 1.13 சதுர செ.மீ. மேலே சொன்ன ஒரு சதுர செ.மீ.யின் கணக்கு இதுதான். முகத்தின் ஆரம் 1.5 செ.மீ. மட்டுமே என்றால் அதே ஆழத்தில் பரப்பு 0.47 சதுர செ.மீ. அதே விசை பாதிக்கும் குறைவான இடத்தில் இறங்கும். மட்டை முழுக்க அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழும்.

கடையில் இதைச் சோதிக்கத் தபால் அட்டை உதவும். கவராயத்தால் 3.6 செ.மீ. ஆரத்தில் ஒரு வில் வரைந்து, குழிவான பக்கம் கிடைக்குமாறு கத்தரித்துக்கொள்ளுங்கள். அதனைக் கொட்டாப்புளியின் முகத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் மட்டும் தொட்டு இரு ஓரங்களிலும் வெளிச்சம் விரிந்து தெரிந்தால், முகம் கூர்மையானது, விட்டுவிடுங்கள். ஓரங்கள் தொட்டு நடுவில் கீற்று வெளிச்சம் தெரிந்தால், முகம் பந்தைவிடச் சற்றுத் தட்டை. அதனால் தீங்கில்லை, வேலைதான் கொஞ்சம் மெதுவாக நடக்கும். ஆனால் முகம் பக்கவாட்டோடு சேருமிடத்தில் கூரிய ஓரம் இருக்கக் கூடாது. விரலால் தடவிப் பாருங்கள். எங்கும் நெருடக் கூடாது.

மரமும் நிறையும்

நசுங்கவேண்டியது மட்டை, கொட்டாப்புளி அன்று. ஆகவே அதன் மரம் வில்லோவைப் போல் குறைந்தது இரு மடங்கு அடர்த்தியாவது கொண்டிருப்பது நல்லது. மரத்தின் கடினத்தன்மை அடர்த்தியோடு சேர்ந்தே ஏறும். அதைவிட வேகமாகவும் ஏறும். தேக்கு 0.65 அளவில் நின்றுவிடும். கதவுக்கு உயர்ந்த மரம், இந்த வேலைக்குச் சுமார்தான். மீரட், ஜலந்தர் ஆகிய வடநாட்டு நகரங்களிலிருந்து விளையாட்டுப் பொருள்கள் ஏராளமாக வருகின்றன. 1947இல் நாடு பிரிந்தபோது சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர் பலர் அங்கே தொழிலைத் தொடர்ந்தனர். அங்கே தாராளமாகக் கிடைக்கும் ஷீஷம் மரம் 0.75க்கு மேல் இருக்கும். நம் கருவேலம் 0.8 அளவு; நன்கு முற்றிய புளி இன்னும் கூடும். இறைச்சிக் கடையில் கத்தியின் வெட்டை ஆண்டுக்கணக்கில் தாங்கும் அடிக்கட்டை புளிதான். அமெரிக்க வெப்ப நாடுகளில் வளரும் லிக்னம் வைட்டே 1.2 வரை சென்று நீரில் மூழ்கிவிடும், அவ்வளவு தேவையில்லை.

வாங்கிய கொட்டாப்புளியின் அடர்த்தியை வீட்டிலேயே அளக்கலாம். முதலில் அதன் நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாதியளவு நீர் நிரம்பிய வாளியைத் தராசின் மேல் வைத்து அளவைக் குறியுங்கள். கொட்டாப்புளியை மெல்லிய பாலிதீன் தாளில் காற்றில்லாமல் இறுகச் சுற்றி, கம்பி ஒன்றின் முனையால் நீருக்குள் முழுவதும் மூழ்கும்வரை அழுத்துங்கள். வாளியின் அடியையோ பக்கத்தையோ அது தொடக் கூடாது. இப்போது தராசு காட்டும் அளவு கூடியிருக்கும். கூடியது எத்தனை கிராமோ, அத்தனை கன செ.மீ. கொட்டாப்புளியின் பருமன்! நீர் அதை மேலே தள்ளும் விசைக்குச் சமமான எதிர்விசை வாளியைக் கீழே தள்ளுகிறது. நியூட்டனும் ஆர்க்கிமிடிசும் கைகோத்துக்கொள்ளும் இடம் இது. நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி.

ஒரு மாதிரிக் கணக்கு: தலை 6 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. நீளமும் உள்ள உருளை, பிடி 2.5 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. நீளமும் உள்ள தடி, மரம் ஷீஷம். தலையின் பருமன் 283 கன செ.மீ., நிறை 212 கிராம். பிடியின் நிறை 92 கிராம். மொத்தம் 304 கிராம். உங்கள் வயதுக் கைக்கு இது பொருத்தமான நிறை. அரைக் கிலோவுக்கு மேற்பட்டதை வாங்கச் சொல்லிச் சிலர் வற்புறுத்துவர். நிறை கூடினால் வேலை விரைவில் முடியுமே என்பது அவர்கள் வாதம். பத்து நிமிடத்தில் 600 முறை தூக்கிப் போடவேண்டிய கருவி இது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். கை சோர்ந்தால் அடி சாயும். சாய்ந்த அடிதான் மட்டையைக் கெடுக்கும்.

தலையின் முகத்தில் ஆண்டு வளையங்களின் கோடுகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். தெரிந்தால், நார்கள் முகத்துக்குச் செங்குத்தாக ஓடுகின்றன. குழாய்களின் முனைகளே அடியை வாங்கும். நார்களின் பக்கவாட்டைவிட முனைப்பக்கம் கடினமானது. ஆனால் மையத்திலிருந்து வெளிநோக்கி வெடிப்பு ஓடியிருந்தால், மரத்தை அவசரமாக உலர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். பிடியில் நார்கள் நேராக, நுனி முதல் அடி வரை ஓடவேண்டும். குறுக்கே வெளியேறினால் ஒரு நாள் பிடி முறியும். பிடியில் கணு கூடவே கூடாது. பிடி நுழையும் துளையில் ஆப்பு இறுக்கமாக இருக்கவேண்டும். தலையைப் பிடித்துக்கொண்டு பிடியை உதறினால் 'கடகட'வென்றால், மரம் ஈரமாக இருந்தபோது பூட்டியது, காய்ந்து சுருங்கிவிட்டது. பளபளவென்ற வார்னிஷைப் பார்த்து மயங்காதீர்கள். அது உரிந்து மட்டையில்தான் ஒட்டும்.

பிடி ஒரு ஊசல்

மட்டையால் பந்தை அடிக்கும்போது சில அடிகளில் கை 'விர்'ரென்று அதிரும். சில அடிகளில் ஒன்றுமே தெரியாது. கொட்டாப்புளிக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. கையை மையமாகக் கொண்டு சுழலும் எந்தத் தடியிலும், குறிப்பிட்ட ஓர் இடத்தில் அடி விழுந்தால் பிடித்திருக்கும் கைக்கு எதிர்த்தாக்கு வராது. இதனை மோதல் மையம் என்பர். அந்த இடம் கொட்டாப்புளித் தலையின் நடுவில் அமைந்துவிட்டால் ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகும் மணிக்கட்டு வலிக்காது.

அதைக் கண்டுபிடிப்பது எளிது. பிடியின் அடியிலிருந்து 5 செ.மீ. தள்ளி, விரல்கள் பற்றும் இடத்தில், எதிரெதிரே இரண்டு குண்டூசிகளைச் சிறிது அழுத்திச் செருகுங்கள். இரு புத்தக அடுக்குகளுக்கு நடுவே, ஊசிகள் அடுக்குகளின் மேல் தங்க, தலை கீழே தொங்குமாறு வையுங்கள். தலையின் முகங்கள் இரண்டும் முன்னும் பின்னும் போய்வரும்படி சிறிய வீச்சில் ஆட்டிவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளவிடுங்கள். மேலே சொன்ன மாதிரிக் கொட்டாப்புளிக்கு 19 விநாடி ஆகும். ஓர் அலைவுக்கு 0.95 விநாடி. இதன் வர்க்கத்தை 9.8ஆல் பெருக்கி 39.5ஆல் வகுத்தால் 0.224 மீட்டர். ஊசியிலிருந்து 22.4 செ.மீ. தொலைவில் மோதல் மையம் இருக்கிறது. தலையின் நடுவோ 23 செ.மீ. தொலைவில். வித்தியாசம் 6 மில்லிமீட்டர்தான், நல்ல கொட்டாப்புளி. பிடி தடித்துத் தலை சிறுத்த ஒன்றைச் சோதித்தால் மோதல் மையம் தலையை விட்டு விலகிப் பிடியை நோக்கி நகர்ந்திருப்பதைக் காண்பீர்கள்.

தட்டும் முறை

தட்டுமுன் முகப்பிலும் விளிம்பிலும் அடிநுனியிலும் பச்சை ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி ஓரிரு நாள் படுக்கவைத்து உலர்த்துவார்கள். வண்ணம் பூசுவோர் வாங்கும் காய்ச்சிய எண்ணெய் இதற்கு ஆகாது. எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றில் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிவரும். துணிக் குவியல் தானே தீப்பற்றியதும் உண்டு. விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.

கொட்டாப்புளியை 10 செ.மீ. உயரத்திலிருந்து அதன் எடையாலேயே விழவிட்டு முகப்பு முழுவதும் வரிசையாகத் தட்டிக்கொண்டு போகவேண்டும். வீட்டுக்கு மண் தளம் போடுவோர் திமிசுக் கட்டையால் இடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே இடத்தில் ஒரே வலுவோடு இடித்துக்கொண்டிருந்தால், சிறிது நேரத்துக்குப் பிறகு மண் மேலும் இறங்குவதில்லை. அந்த அடிக்கு எவ்வளவு இறுகவேண்டுமோ அவ்வளவு இறுகிவிட்டது. வில்லோவும் அப்படியே. முதல் அடிகளில் குழாய்கள் நசுங்கும். நசுங்க நசுங்கத் தோல் கடினமாகி, அதே அடியை இனி மீள்தன்மையோடு திருப்பித் தள்ளும். அப்போதுதான் உயரத்தைச் சற்றுக் கூட்டவேண்டும். படிப்படியாக ஏறினால் ஒவ்வோர் அடியும் முந்தைய அடி கட்டிய தோலின் மேல் விழும். முதலிலேயே உச்சத்துக்குப் போனால் தோல் இல்லாத மரத்தின் மேல் விழும். எங்கள் ஒன்பது பேரின் குற்றம் சுருக்கமாக இதுதான்.

விளிம்புகளைப் பக்கவாட்டிலிருந்து நேராக அடிக்கக் கூடாது. முகப்புக்கும் விளிம்புக்கும் இடையில் உள்ள முனையை 45 பாகைச் சாய்வில் மெல்லத் தட்டி உருட்டிவிட வேண்டும். 2017 முதல் விளிம்பின் கனம் 4 செ.மீ.க்கு மேற்படக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த எல்லை வரை தடித்த விளிம்புகளோடு மட்டைகள் வருவதால், விளிம்புக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பின்பக்கத்தையும், பிரம்புப் பிடி அலகோடு ஆப்புபோல் சேரும் இடத்தையும், அடிநுனியின் கீழ்ப்பக்கத்தையும் தொடவேண்டா.

ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். மட்டைக்கு மட்டை நேரம் மாறும். மொத்தம் 3 முதல் 6 மணி நேரம் என்பது பொதுவான அளவு. விநாடிக்கு ஓர் அடி என்றால் 6 மணி நேரத்துக்கு 21,600 அடிகள்! பக்கத்து வீட்டுக்காரர் பொறுமைசாலியாக இருந்தால் நல்லது.

அந்த ஓசையைக் கவனித்துக் கேளுங்கள். முதல் நாளில் 'தொப் தொப்' என்று மந்தமாக இருப்பது, நாள் செல்லச் செல்ல 'டக் டக்' என்று கூர்மையாகும். தோல் இறுகியதும் கொட்டாப்புளி விரைவில் மீள்வதால் தொடுநேரம் குறைகிறது. தொடுநேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் கொண்ட அதிர்வுகள் மட்டையில் எழும்புகின்றன. உங்கள் காதுதான் இங்கே அளவுமானி. முகப்பில் எல்லா இடங்களிலும் ஒரே ஓசை வருகிறதா என்று பாருங்கள். ஓரிடம் மட்டும் மந்தமாக ஒலித்தால் அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல மட்டை பல ஆயிரம் ரூபாய் விலை விற்கும்போது, கொட்டாப்புளிக்கு வேறு செலவா என்று தயங்குவீர்கள். பெயர் பொறித்த கொட்டாப்புளிதான் வேண்டும் என்பதில்லை. ஊரில் உள்ள கடைசல் பட்டறையில், முற்றி நன்றாக உலர்ந்த புளியங்கட்டை அல்லது கருவேலங்கட்டையைக் கொடுத்து, மேலே சொன்ன அளவுகளையும் தபால் அட்டை வில்லையும் காட்டினால் கடைந்து கொடுப்பார்கள். என்னிடம் இப்போது இருப்பது அப்படிச் செய்ததுதான். பழைய பந்தைக் காலுறைக்குள் போட்டு அடிக்கும் வழக்கமும் உண்டு. இழப்பு ஒன்றுமில்லை, ஆனால் அடி எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை, விளிம்பில் வேலை செய்ய அது உதவாது. ரப்பர் சுத்தியலோ, தானே நசுங்கி ஆற்றலை விழுங்கிவிடும்.

தட்டி முடித்த மட்டையை உடனே புதுப் பந்துக்கு எதிரே நீட்டாதீர்கள். முதலில் நண்பரைப் பழைய பந்தை மெல்ல எறியச் சொல்லி, அரை மணி நேரம் தடுத்தாடுங்கள். பிறகு முகப்பைச் சாய்த்து, வெயில் படுமாறு பிடித்துப் பாருங்கள். பந்தின் தையல் பதிந்த கோடுகள் தெரிந்தால் தோல் இன்னும் கட்டவில்லை. கொட்டாப்புளியோடு இன்னும் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். வெறும் செந்நிறத் தடம் மட்டும் இருந்து, விரலுக்குப் பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை என்றால், மட்டையை மைதானத்துக்கு எடுத்துச் செல்லலாம்.